இமைக்காத ராஜமாதா

பாம்பு மனிதனை அடையாளம் காண்பது பெரிய காரியமில்லை. அவன் இமைக்க மாட்டான். அப்படியே இமைத்தாலும், அடடா மறந்துவிட்டோமே என்று நினைவு வந்தவன் மாதிரி, பேச்சின் நடுவில் தேவையில்லாத இடத்தில் ஒருமுறை இமைப்பான். சிரித்தால் உதடு மட்டும் விலகும், கன்னம் மேலே ஏறாது. உச்சி வெயிலில் உட்கார்ந்திருந்தாலும் வியர்க்காது. இதெல்லாம் எனக்கு அத்துப்படி. எட்டு வருடமாக அவர்களை வரைந்துதான் பிழைக்கிறேன்.

நான் வேலை செய்வது வெளிநாட்டுப் படக்கதைப் பதிப்பகம் ஒன்றுக்கு. கடலாடியில் என் புகுந்த வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து, திரையில் வரைந்து இணையத்தில் அனுப்புவேன். வாளும் மந்திரமும் கலந்த கதைகள். பாழடைந்த கோட்டை, தோள் பெருத்த வீரன், அவனுக்கு எதிராகப் பாம்பு மனிதர்கள். மனிதன் பிறப்பதற்கு முன்பே பூமியை ஆண்டவர்களாம். தோற்றுப்போனதும் மனித முகத்தைப் போர்த்திக்கொண்டு அரண்மனைக்குள் நுழைந்துவிடுவார்கள். மந்திரியாக இருப்பார்கள், வைத்தியராக இருப்பார்கள், ராஜாவின் சித்தியாகக்கூட இருப்பார்கள். யார் பாம்பு என்ற சந்தேகத்திலேயே கதை ஓடும். கடைசியில் வீரன் வாளை வீசுவான், போர்த்திய முகம் கிழியும், உள்ளே செதில் தெரியும். அதற்குத்தான் வாசகர்கள் காத்திருப்பார்கள்.

ராமநாதபுரத்தில் பள்ளியில் படித்தபோது என் அண்ணன் பழைய புத்தகக் கடையிலிருந்து அட்டை கிழிந்த தமிழ்ப் படக்கதைகள் வாங்கி வருவான். அதில் ஒன்றில்தான் இவர்களை முதலில் பார்த்தேன். படித்த மறுநாளே கணக்கு டீச்சர் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பாடம் நடக்கும்போது சுவர்க் கடிகாரத்தையும் அவர் கண்ணையும் மாறி மாறிப் பார்த்து, எத்தனை முறை இமைக்கிறார் என்று நோட்டில் கோடு போட்டேன். நோட்டைப் பிடுங்கிப் பார்த்தவர், என்ன என்று புரியாமலே என்னை வெளியில் முட்டிபோட வைத்தார். குறைவாகத்தான் இமைத்திருந்தார். அந்தச் சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.

எனக்குச் சந்தேகப் புத்தி உண்டு என்று வீட்டில் எல்லோருமே சொல்வார்கள். இருக்கட்டும். வேலையில் சேர்ந்த புதிதில், பாம்பு மனிதர்களின் கோயில் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பதிப்பகத்தார் மாதிரிப் படங்கள் அனுப்பினார்கள். நீண்ட பிரகாரம், இரண்டு பக்கமும் வரிசையாகக் கல்தூண்கள், தூரத்தில் ஒரு விளக்கு. எனக்குப் பகீர் என்றது. சின்ன வயதில் ராமேஸ்வரம் கோயிலில் ஈரப்பாவாடையோடு ஓடித் திரிந்த பிரகாரம் மாதிரியே இருந்தது. பாம்பு ராணிகளுக்கு மூக்குத்தியும் வங்கியும் ஒட்டியாணமும் இருந்தன, வீரனுக்கு மஞ்சள் முடி. இந்தக் கதையில் நாம் எந்தப் பக்கம் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, எனக்கு வேலை வேண்டியிருந்தது. பிரகாரத்தை அவர்கள் வரைந்ததைவிட நன்றாக வரைந்து கொடுத்தேன், தூண்களின் அடியில் எண்ணெய்ப் பிசுக்கு உட்பட.

வீட்டில் இருந்தது இரண்டே பேர், நானும் அத்தையும். அத்தை என்றால் என் மாமியார். மாமா இறந்து பல வருடமாகிவிட்டது. என் கணவர் துபாயில் இருக்கிறார், வருடத்துக்கு நாற்பது நாள் விடுப்பில் வருவார். கல்யாணமாகி ஆறு வருடத்தில் எங்களுக்குக் குழந்தை இல்லை. ஆறு நாற்பது எத்தனை நாள் என்று பெருக்கிப் பார்க்க ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. "பிள்ளைக்கு நாகதோஷம் இருக்குமோ" என்று மட்டும் கேட்டார்கள். அவர்கள் பிள்ளை என்றது என்னை.

பாம்பை அடித்தவர் வீட்டில் குழந்தை தங்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நல்ல பாம்பைத் தெரியாமல் அடித்துவிட்டால்கூட அதற்குப் பால் ஊற்றி, காசு வைத்து, மனுஷருக்குச் செய்வது போல எரிக்க வேண்டும். இந்தப் பிறவியில் அடிக்கவில்லை என்றாலும் தப்ப முடியாது, போன பிறவியில் அடித்திருப்பீர்கள். பரிகாரமாக, கல்லில் நாகர் செய்து, ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், தண்ணீரில் போட்டு வைத்து, பிறகு புருஷனும் பெண்டாட்டியுமாக ராமேஸ்வரத்துக்குக் கொண்டுபோய்ப் பிரதிஷ்டை செய்வார்கள்.

நானோ வாரத்துக்கு இரண்டு மூன்று பாம்புகளை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தேன், படத்தில்தான். இதை வெளியே சொல்லிவிட்டு அந்த வீட்டில் குடியிருக்க முடியுமா? சின்னப் பிள்ளைகள் புத்தகத்துக்குப் படம் போடுகிறேன் என்று அத்தையிடம் சொல்லி வைத்திருந்தேன். அறையைப் பூட்டிவிட்டுத்தான் குளிக்கப் போவேன். பூட்டின் மேலும் நம்பிக்கை இல்லாமல், அச்சான புத்தகங்கள் கிடக்கும் மேசை இழுப்பறையின் இடுக்கில் என் தலைமுடி ஒன்றை ஒட்டி வைப்பேன். முடி அறுந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். யாரோ என்ன, அந்த வீட்டில் இன்னொருவர் அத்தைதான். முடி ஒருநாளும் அறுந்ததில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

அத்தை ஒல்லி. இரண்டு பக்கமும் மூக்குத்தி, இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிய பழைய தழும்பு. பேசத் தொடங்கும் முன் நாக்கால் கீழுதட்டை ஒருமுறை ஈரப்படுத்திக்கொள்வார். யாராவது என்னிடம் குழந்தையைப் பற்றிக் கேட்டால் அத்தை என்னையே பார்ப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். கேட்டவர் போகும்வரை பார்ப்பார், இமைக்கவே மாட்டார்.

போன வருடம் பதிப்பகத்தார் புது வில்லி ஒருத்தி கேட்டார்கள். ராஜாவின் தாய், ராஜமாதா. நாடே கும்பிடும் மனுஷி, உள்ளே பாம்பு. நான் முகம் வரைந்தேன். இரண்டு மூக்குத்தி, புருவத்தில் தழும்பு, பேசும் முன் உதட்டில் ஓடும் நாக்கு. தெரியாமல் அப்படி அமைந்துவிட்டது என்று பிறகு என் கணவரிடம் சொன்னேன். பொய். தெரிந்தேதான் செய்தேன். செய்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ராஜமாதாவுக்கு அங்கே ஏக வரவேற்பு. அவளுக்குப் பயந்துகொண்டே அவளுக்காகப் புத்தகம் வாங்கினார்கள். பதிப்பகத்தார் மகிழ்ந்துபோய் அவள் படத்தைப் பெரிய சுவரொட்டியாக அச்சடித்து, அட்டைக் குழாயில் சுருட்டி எனக்குக் கூரியரில் அனுப்பினார்கள். அது வந்த அன்று நான் ராமநாதபுரம் போயிருந்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கியது அத்தை. திரும்பி வந்து பார்த்தபோது குழாயின் வாயில் ஒட்டுநாடா இரண்டு அடுக்காக இருந்தது. மேல் நாடா எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் நாடா.

நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அத்தை மாறிவிட்டார். சாப்பிடக் கூப்பிடுவது நின்றது, தட்டில் போட்டு மூடிவைத்துவிட்டுப் போய்விடுவார். என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. சரி, ஏதோ திட்டம் போடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சில நாளில் கொல்லையில் ஒரு நீல டிரம் வந்தது. கடலாடியில் நல்ல தண்ணீர் குடம் குடமாக வண்டியில் வருவது. குளித்த தண்ணீரைக்கூடச் செடிக்கு விடுகிற அத்தை, அந்த டிரம்மை விளிம்பு வரை நிரப்பி, பலகை போட்டு மூடி, மேலே இரண்டு செங்கல் வைத்தார். அதிலிருந்து ஒரு சொம்பு மொண்டுவிட்டேன் என்று ஒருநாள் பதறிவிட்டார்.

"அதுல கை வைக்காத. அது பொழங்குற தண்ணி இல்ல."

"பெறகு எதுக்கு அத்தை?"

அத்தை பலகையை இழுத்து மூடினார். தினமும் விடிந்ததும் குளித்துவிட்டு ஈரத்தலையோடு பலகையை நகர்த்துவார். உள்ளே பூப் போடுவார். உதடு மட்டும் அசையும். மாடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். செய்வினைதான் என்று முடிவு செய்துவிட்டேன். குழாயில் வந்த படத்தைப் பார்த்துவிட்டார், இப்போது எனக்கு ஏதோ வைக்கிறார். துபாய்க்குப் பேசினால், "அம்மாவ எதுக்குச் சந்தேகப்படுற?" என்பார் என் கணவர். அவர் அம்மாவிடமும் என்னைப் பற்றி இதே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அவர் விடுப்பில் வருவதற்கு ஒரு வாரம் இருந்தது. அத்தை ஒரு விசேஷத்துக்காகச் சாயல்குடிக்குப் பஸ் ஏறினார். பஸ் கிளம்பியிருக்கும் என்று தெரிந்ததும் நான் கொல்லைக்குப் போய்ச் செங்கல்லை எடுத்தேன், பலகையை நகர்த்தினேன்.

தண்ணீருக்கு அடியில் கல் நாகர். இரண்டு பாம்புகள் பின்னிப் பிணைந்து, மேலே படம் விரித்து, முகத்தோடு முகம் பார்த்து நின்றன. நடுவில் சின்ன லிங்கம். தொழில் கண்ணால் முதலில் பார்த்தேன், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். எட்டு வருடத்தில் நான் வரைந்த எந்தப் பாம்புக்கும் இந்த அமைதி வந்ததில்லை. அதுகளுக்கு யார் மேலும் கோபமில்லை.

எனக்குத்தான் கோபம் வந்தது. செய்வினை இல்லை, இது அதைவிட மோசம். என்னைக் கேட்காமலே எனக்குத் தோஷம் என்று தீர்ப்பெழுதி, எனக்குப் பரிகாரம் நடக்கிறது. இரண்டு கையையும் விட்டு அந்தக் கல்லைத் தூக்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது, ஆனாலும் கல்லைக் கீழே விடவில்லை. நடுக்கூடத்தில் தரையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

சாயங்காலம் அத்தை வந்தார். வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"ஏத்தா, இத யாரு வெளிய எடுத்தா?"

"நான்தான். எனக்குத் தெரியாம எனக்குப் பரிகாரமா? நான் எந்தப் பாம்ப அடிச்சேன், சொல்லுங்க."

"முப்பத்தெட்டு நாளு முடிஞ்சிருச்சேத்தா." கையிலிருந்த பை நழுவியதுகூட அவருக்குத் தெரியவில்லை. "தண்ணிய விட்டு வெளிய வந்தா மொதல்ல இருந்துல்ல எண்ணணும். ஒன் புருசன் வந்து இருக்கிற நாளு பத்தாதே."

"எனக்குத்தான் ஒரு தோஷமும் இல்லையே."

"ஒனக்குன்னு யாரு சொன்னா?" நாக்கு ஒருமுறை உதட்டில் ஓடியது. "ஒண்ணுந் தெரியாத மாதிரி பேசாத. படம் போட்டு ஊரு ஒலகத்துக்கே காட்டிட்டு, இங்கன வந்து கேள்வி கேக்குற."

குழாயில் வந்த படத்தைத்தான் சொன்னார்.

"பிரிச்சுப் பாத்தேன், தப்புதான். மொகம் என்னோடது, ஒடம்பு பாம்பு. ஒருத்தன் வெட்ட ஓங்கிக்கிட்டு நிக்கிறான். எனக்குக் கையி காலு ஓடல. மாமாவுக்கே தெரியாது, பெத்த மகனுக்கே தெரியாது. இவளுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? யாரு சொன்னா ஒனக்கு?"

"எனக்கு என்ன தெரியும் அத்தை? நீங்க என்ன சொல்றீங்கன்னே வெளங்கல."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். நான் பொய் சொல்கிறேனா என்று பார்க்கிறார் என்பது புரிந்தது. நானும் அவரை அதே பார்வைதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் கல்லுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே கூடத்து உத்தரத்தைக் காட்டினார்.

"அங்கனதான் தொட்டிலு கட்டியிருந்துச்சு. ஒன் புருசன் கைப்பிள்ள. வீட்டுல யாருமில்ல. அடுப்படியில இருந்து வாரேன், தொட்டிலுக்குக் கீழ நல்ல பாம்பு. படத்தத் தூக்கிக்கிட்டு நிக்கிது. அது பாட்டுக்குப் போயிருக்கும்த்தா, இப்பத் தெரியிது. அன்னிக்கி எனக்கு வயசு இருவது. ஒலக்கையால அடிச்சேன். அடிச்சு, பாலும் ஊத்தல, காசும் வைக்கல. மாமா வாரதுக்குள்ள கம்பால தூக்கிட்டுப் போயி கருவக்காட்டுல எறிஞ்சிட்டேன். தரையக் கழுவிவிட்டேன்."

தொட்டில் தொங்கிய இடத்துக்குக் கீழே தரையைப் பார்த்தேன்.

"ஆறு வருசமா ஒவ்வொருத்தியும் ஒன்னயத்தான் கேக்குறா. நான் வாயத் தொறக்கணும்னு நினப்பேன். பயம்த்தா. ஒன்னயக் கேக்குறவரைக்கும் நான் தப்பிச்சேன்ல. படத்தப் பாத்ததும் இனி ஒளிக்க முடியாதுன்னு போயி நாகர் கல்லு செய்யச் சொன்னேன். ஒன் புருசன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெனமும் அதுகிட்டக் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

எனக்கு முதலில் இரக்கம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. ஆறு வருடம் நான் வாங்கிய பேச்சையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டு, அதன் நிழலில் ஒதுங்கி நின்றிருக்கிறார். நடிக்கிறாரோ என்றுகூடத் தோன்றியது. கன்னத்தைப் பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன். அவர் இமைத்துக்கொண்டே இருந்தார், தண்ணீர் நிற்கவில்லை. ஆறு வருடம் அவர் என்னை இமைக்காமல் பார்த்தது பயத்தில். எவளாவது உண்மையைக் கண்டுபிடித்துவிடுவாளோ, தானே எதையாவது உளறிவிடுவோமோ என்ற பயம். தொழில் தெரிந்தவள் என்று பீற்றிக்கொள்கிற எனக்கு அது மட்டும் தெரியாமல் போனது.

"சரி, ஒனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னா, பெறகு என் மொகத்த எதுக்குப் போட்ட?"

தப்பிக்க நினைத்தேன், முடியவில்லை.

"ஒங்களயப் பாம்புன்னு நினச்சேன் அத்தை."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். சிரித்துவிட்டார். அழுத முகத்தோடு, மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டே சிரித்தார். கன்னம் நன்றாகவே மேலே ஏறியது.

கல்லை இருவருமாகத் தூக்கி மறுபடி டிரம்மில் இறக்கினோம். எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கியது. கணவர் வந்தார், நாற்பது நாள் இருந்தார். ஒருநாள் சாப்பாட்டின்போது அத்தை அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவர் உத்தரத்தை நிமிர்ந்து பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். நாற்பத்தெட்டு முடிவதற்குள் விமானம் ஏறிவிட்டார்.

நாங்கள் இரண்டு பேரும் கல்லைச் சாக்கில் சுற்றிப் பஸ்ஸில் ராமேஸ்வரம் கொண்டுபோனோம். பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியபோது அத்தை சாக்கின் மேல் கை வைத்துக்கொண்டார். பிரதிஷ்டை செய்ய வந்த குருக்கள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "தம்பதி யாரு, எங்கே?" என்று கேட்டார். சுற்றிலும் ஜோடி ஜோடியாக நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளையில்லாதவள் யார் என்று தேடிய அத்தனை கண்ணும் என் மேல்தான் வந்து நின்றது.

"தோஷம் இவளுக்கு இல்ல சாமி," என்றார் அத்தை, எல்லோருக்கும் கேட்கும்படி. "பாம்ப அடிச்சவ நானு. சங்கல்பத்த எம்பேருக்குச் செய்ங்க."

நாங்கள் நின்ற அந்தப் பிரகாரத்தைப் பாம்பு மனிதர்களின் கோயிலாக வரைந்து கொடுத்தவள் நான். அங்கேயே நின்று அழுதேன்.

பிறகு என்ன ஆயிற்று, குழந்தை வந்ததா என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். ஆறு வருடம் கேட்டது போதும்.

ஊர் திரும்பிய வாரத்தில் பதிப்பகத்திலிருந்து கதையின் கடைசிப் பகுதி வந்தது. ராஜமாதா சாகிறாள், அவளை வீரன் வெட்டுகிறான், முழுப் பக்கம். அவள் முகத்தை மாற்றி வரையட்டுமா என்று கேட்டு எழுதினேன். வாசகர்கள் காத்திருப்பதே அந்த முகத்துக்காகத்தான், மாற்ற முடியாது என்று பதில் வந்தது. மூன்று நாள் கோடு ஓடவில்லை. கடைசியில் அத்தையை மாடிக்குக் கூப்பிட்டு, திரையைக் காட்டிச் சொல்லிவிட்டேன். அந்த அறைக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. இழுப்பறையில் ஒட்டியிருந்த முடியைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். வீரனை மேலும் கீழும் பார்த்தார். அவன் வாளைப் பார்த்தார்.

"போடு. ஆனா ஒரே வெட்டா வெட்டச் சொல்லு. நான் நாலு அஞ்சு அடி அடிச்சேன்."

"சரி அத்தை." கொஞ்சம் தயங்கி, செத்துப்போன முகத்தில் கண்ணை மூடிவிடட்டுமா என்று கேட்டேன்.

"அது கண்ண மூடாதுத்தா," என்றார். "அடிக்கையிலயும் என்னயப் பாத்துச்சு. கம்பால தூக்கிட்டுப் போறப்பயும் பாத்துக்கிட்டேதான் வந்துச்சு."

நான் கண்ணைத் திறந்தே வரைந்தேன். முடிக்கும்வரை அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.